பூவைக் காட்டாத மரம்

(கல்லூரித் தாவரவியல் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரும் வழியில் ஒரு கிணற்றடி அத்தி மரத்திலிருந்து காயும் பழமுமாக ஒரு பை நிறையப் பறித்து வந்திருக்கிறேன். மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடியும்வரை யாரும் தொட வேண்டாம். முடிந்ததும் எல்லாம் உங்களுக்குத்தான்.

எனக்குத் தந்த தலைப்பு, தாவரங்களும் விலங்குகளும் இனம் பெருக்கும் வழிகள், அவற்றின் கூட்டு வாழ்க்கை. கடலளவு தலைப்பு. யானைக் கூட்டத்தில் தொடங்கித் தேன்கூடு, கரையான் புற்று, மயில் தோகை என்று ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போகலாம். அப்படிப் போனால் வீட்டுக்குப் போகும்போது உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் இந்த ஒரு அத்திக்காயை மட்டும் பிட்டுப் பார்க்கப் போகிறேன். நான் சொல்ல வேண்டியதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது.

நெடுநாள் வராத உறவினர் வாசலில் வந்து நின்றால், ‘என்ன, அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்கள்!’ என்கிறோம். அத்தி எப்போதோ ஒரு முறை பூக்கிற மரம் என்பது நம் நினைப்பு. உண்மையில் அது ஆண்டுக்குப் பலமுறை, ஆயிரக்கணக்கில் பூக்கிறது. நம் கண்ணில்தான் படுவதில்லை. பூவாமலே காய்க்கும் மரத்துக்கு நம் முன்னோர் ‘கோளி’ என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். ஆலும் அரசும் அத்தியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று பூவைப் பார்க்காமலே கண்டுகொண்டவர்களை நான் வணங்குகிறேன்.

பூ எங்கே இருக்கிறது? சூரியகாந்திப் பூவின் தட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கும் தட்டு அது. அந்தப் பூக்களெல்லாம் உள்பக்கம் போகும்படி தட்டை வளைத்து, பாட்டியின் சுருக்குப்பையைப் போல வாயை இழுத்துக் கட்டிவிட்டால் அதுதான் அத்திக்காய். நாம் காய் என்று சொல்வது பூக்கள் நிறைந்த பை. பையின் வாயில் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அடைத்துக்கொண்டிருக்கும். காற்று மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்க வழியில்லை. தேனீ நுழைய இடமில்லை. பூமியில் ஏறத்தாழ 750 வகை அத்தி இன மரங்கள் இருக்கின்றன. அத்தனையும் இப்படித் தம் பூவைப் பூட்டி வைத்துக்கொண்டு, சாவியை ஒரே ஒரு பூச்சிக் குடும்பத்தின் கையில் கொடுத்திருக்கின்றன. அதுவும் பெரும்பாலும் மரத்துக்கு ஒரு குளவி வகை. நம் அத்திக்கு வரும் குளவி ஆலமரத்துக்கு உதவாது. ஆலமரத்துக் குளவிக்கு அரசில் வேலையில்லை.

குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்காதீர்கள். இது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், கடுகைவிடச் சற்றுப் பெரிது. நம்மைக் கொட்டாது. பையின் உள்ளே பெண் பூக்கள் தயாரானதும் மரம் ஒரு மணத்தை விடுகிறது. பெண் குளவி அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. செதில்களுக்கிடையே தலையைக் கொடுத்து நெரித்துக்கொண்டு உள்ளே போகிறது. போகும் வழியில் இறகுகள் பிய்ந்து விழுகின்றன. உணர்கொம்புகளின் நுனியும் பெரும்பாலும் முறிந்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சில காய்களின் வாயிலேயே இந்த இறகுகள் கண்ணாடித் துண்டுகள்போல ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். உள்ளே போன குளவிக்குத் திரும்பி வரும் வழியும் இல்லை, பறக்க இறகும் இல்லை.

உள்ளே அது செய்யும் வேலையை முதன்முறை படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பல வகைக் குளவிகளின் மார்பில் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. பிறந்த காயிலிருந்து மகரந்தத்தை அவற்றில் வேண்டுமென்றே நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறது. இங்கே முன்னங்காலால் அதை எடுத்துச் சூல்முடியில் தூவுகிறது. பூச்சி பூவில் உரசிப் போகும்போது மகரந்தம் தற்செயலாக ஒட்டிக்கொள்வது ஊரறிந்த கதை. இது அப்படியன்று. விதைக்கிறவர் விதைப்பெட்டியிலிருந்து கையால் எடுத்துத் தூவுவதைப் போன்ற வேலை. இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் ஆண்டுப் பழமையான அத்திக்குளவிப் புதைபடிவத்திலும் இதே மகரந்தப் பை இருந்தது.

தூவிக்கொண்டே அது தன் முட்டைகளையும் இடுகிறது. சூல்தண்டுக்குள் முட்டைக்குழாயை விட்டு, பூவுக்கு ஒரு முட்டை. முட்டை விழுந்த பூவுக்குள் குளவிக் குஞ்சு வளரும். முட்டை விழாத, மகரந்தம் விழுந்த பூ விதையாகும். மரம் தன் பிள்ளைகளில் ஒரு பங்கைக் குளவிக்குத் தின்னக் கொடுக்கிறது. பதிலாக மீதிப் பூக்கள் விதையாகின்றன. தாய்க்குளவி முட்டையிட்டு முடித்து அங்கேயே சாகிறது.

சில வாரங்கள் கழித்துக் காய் பழுக்கத் தொடங்கும் நேரத்துக்கு வருவோம். முதலில் வெளியே வருபவை ஆண்கள். ஆணுக்கு இறகு இல்லை, பார்வை ஏறத்தாழ இல்லை. வெளிர் மஞ்சள் நிறத்தில், பார்த்தால் குளவி என்றே சொல்ல மாட்டீர்கள். அவை இருட்டில் தடவிக்கொண்டே போய், பெண்கள் இன்னும் அடைந்துகிடக்கும் பூக்களைக் கண்டு, அதில் துளையிட்டு, உள்ளே இருக்கும் பெண்ணோடு கூடுகின்றன. அதன் பிறகு எல்லா ஆண்களும் ஒரே இடத்தில் சேர்ந்து காயின் சுவரைக் கடித்துச் சுரங்கம் தோண்டுகின்றன. தோண்டி முடிந்ததும் செத்துப் போகின்றன. சில வகைகளில் அந்தத் துளை வழியாக வெளியே விழுகிற ஆண்களுக்காக எறும்புகள் காத்திருக்கும். அந்தச் சுரங்கம் ஆண்களுக்கு எந்தப் பயனும் இல்லாதது. அது சகோதரிகள் வெளியே போகும் வழி.

அரச மரத்தின் காயில் ஜேக்கப் கலீல் என்ற இஸ்ரேலிய ஆய்வாளரும் அவர் தோழர்களும் 1973-இல் ஒரு நுட்பத்தைக் கண்டார்கள். மூடிய காய்க்குள் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கிறது. அந்தக் காற்றில் ஆண்கள் சுறுசுறுப்பாக ஓடுகின்றன, பெண்கள் மயங்கிக் கிடக்கின்றன. சுரங்கம் திறந்து வெளிக்காற்று உள்ளே வந்ததும் பெண்கள் விழித்துக்கொள்கின்றன. அதற்குள் காயின் ஆண் பூக்களும் முற்றி மகரந்தம் தயாராக இருக்கும். அவை பையை நிரப்பிக்கொண்டு சுரங்கம் வழியாகப் பறந்துவிடுகின்றன. மரம், ஆண் குளவி, பெண் குளவி, மூன்றுக்கும் ஒரே கடிகாரம்.

இனி ஒரு கணக்கு. கவனமாகக் கேளுங்கள், கடினமில்லை. ஒரே தாய் மட்டும் நுழைந்த காயைத் திறந்து எண்ணினால் பெண்கள் மிக அதிகமாகவும் ஆண்கள் மிகக் குறைவாகவும் இருக்கும். ஏன்? நம்மையும் ஆட்டையும் மாட்டையும் பார்த்தால் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதிதானே? சரிபாதி ஏன் என்பதற்கு ரொனால்ட் ஃபிஷர் 1930-இல் விளக்கம் தந்தார். ஆண்கள் குறைந்த ஊரில் மகனைப் பெற்றவருக்குப் பேரப்பிள்ளைகள் அதிகம். பெண்கள் குறைந்த ஊரில் மகளைப் பெற்றவருக்கு அதிகம். ஆகவே தராசு தானாகவே நடுவில் வந்து நிற்கும். ஆனால் அத்திக்காய்க்குள் இந்தத் தராசு வேறு மாதிரி. வில்லியம் ஹாமில்டன் 1967-இல் அதை எழுதிக் காட்டினார்.

காய்க்குள் ஒரே தாய்தான் என்றால் அதன் மகன்கள் கூடப்போவது அதன் மகள்களோடுதான். பத்து மகன்கள் போதும் என்ற இடத்தில் ஐம்பது மகன்களைப் பெற்றால் என்ன ஆகும்? ஒரு மகன் பெறுவது இன்னொரு மகனிடமிருந்து பறித்ததாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வரவு ஒன்றுமில்லை, மகள்களுக்கான முட்டைகள்தான் வீண். ஆகவே தாய் மிகச் சில மகன்களோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டு தாய்கள் நுழைந்துவிட்டால் கதை மாறும். இப்போது என் மகன் அடுத்த வீட்டு மகளோடும் கூடலாம், மகனால் வரவு உண்டு. ஹாமில்டன் கணக்குப்படி இரண்டு தாய் என்றால் கால் பங்கு ஆண், மூன்று தாய் என்றால் மூன்றில் ஒரு பங்கு. தாய்கள் பெருகப் பெருகப் பாதியை நெருங்கும். பனாமா காட்டில் ஆலன் ஹெர்ரே இதைக் காய் காயாகச் சோதித்து 1985-இல் வெளியிட்டார். தாய்க்குளவிகள் உண்மையிலேயே கூட்டத்துக்கு ஏற்ப மகன்களைக் கூட்டின, குறைத்தன. இது எப்படி முடிகிறது என்றால், தேனீ, எறும்பு, குளவி இனங்களில் கருவுற்ற முட்டை பெண், கருவுறாத முட்டை ஆண். சேமித்து வைத்த விந்தைத் திறந்துவிடுவதும் அடைத்துக்கொள்வதும் தாயின் பொறுப்பு. மணல் அளவு மூளை. நாம் தாளில் எழுதிப் போடும் பின்னக் கணக்கை அது வயிற்றில் போடுகிறது.

இதே காய்க்குள் இன்னொரு காட்சியும் உண்டு. மகரந்தம் சுமக்காத குளவிகளும் அத்தியை நாடி வருகின்றன. பல வகைகள் உள்ளே நுழைவதே இல்லை. காயின் வெளிச்சுவரில் உட்கார்ந்து, உடம்பைவிட நீளமான முட்டைக்குழாயால் சுவரைத் துளைத்து உள்ளே முட்டையிடுகின்றன. மரத்துக்கு ஒரு வேலையும் செய்யாமல் பங்கு மட்டும் கேட்கும் கூட்டம். நம் அத்தியில் வரும் அப்படி ஒரு குளவியின் முட்டைக்குழாய் நுனியில் துத்தநாகம் செறிந்திருப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். பச்சைக் காயைத் துளைக்கத் துரப்பண முனையில் உலோகம்! அதே நிறுவனத்தில் ரெனே போர்ஜஸ் குழுவினர் அத்தி மரத்து எறும்புகளைப் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள். இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு இருக்கும் மரத்தில் இந்த வெளிக்குளவிகள் நிம்மதியாக உட்கார்ந்து துளையிட முடிவதில்லை.

இந்தக் குளவிகளில் சில வகைகளின் ஆண்களுக்குப் பெரிய தாடை உண்டு. அவை தம் இனத்து ஆண்களையே காய்க்குள் வெட்டிச் சாய்க்கின்றன. பிரேசிலில் ஹாமில்டன் காய்களைத் திறந்தபோது துண்டான தலைகளும் கால்களும் உள்ளே கிடந்தன. 1979-இல் அவர் அதை எழுதினார். மகரந்தக் குளவியின் ஆண்கள் சேர்ந்து சுரங்கம் தோண்டுகின்றன, இவை ஒன்றையொன்று கொல்கின்றன. காரணம் இரத்த உறவுதான் என்று நமக்குத் தோன்றும், அண்ணன் தம்பி என்றால் அடித்துக்கொள்ளாது என்று. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வகுப்பில் சொல்லி வந்தேன். 2001-இல் ஸ்டூவர்ட் வெஸ்டும் உடன் ஆய்ந்தவர்களும் பல வகைக் குளவிகளை ஒப்பிட்டு, அது சரியில்லை என்று காட்டினார்கள். சண்டையின் கடுமைக்கும் உறவுக்கும் தொடர்பு தெரியவில்லை. காய்க்குள் பெண்கள் எத்தனை என்பதே சண்டையைத் தீர்மானித்தது. பெண்கள் நிறைய இருந்தால் அமைதி, ஒன்றிரண்டு என்றால் கொலை. போட்டியே உடன்பிறந்தவனோடு என்னும்போது, உடன்பிறந்தவன் என்ற உறவுக்கு அங்கே மதிப்பில்லாமல் போகிறது. நம் ஊர் மொழி இதை முன்பே சொல்லியிருக்கிறது. பங்கு இருக்கிற இடத்தில்தான் பங்காளிச் சண்டை.

இந்தக் கட்டத்தில் மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று. குளவி ஏன் ஏமாற்றுவதில்லை? மகரந்தம் சுமக்கும் வேலையை விட்டுவிட்டு முட்டை மட்டும் இடலாமே? எல்லாப் பூக்களிலும் முட்டையிட்டு மரத்துக்கு ஒரு விதைகூட இல்லாமல் செய்துவிடலாமே? நல்ல கேள்வி. முதல் பாதிக்குப் பனாமாவில் விடை கிடைத்தது. சார்லட் யாண்டரும் ஹெர்ரேயும் மகரந்தமில்லாத குளவிகளைக் காய்களுக்குள் விட்டுப் பார்த்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். குளவி முனைந்து மகரந்தம் தூவ வேண்டிய மர வகைகளில், வேலை செய்யாத குளவி நுழைந்த காய்களை மரம் பெரும்பாலும் உதிர்த்துவிட்டது. உதிரும் காயோடு அதனுள் இருக்கும் முட்டைகளும் போயின. தப்பிய காய்களிலும் குஞ்சுகள் குறைவு. பார்க்க அசையாமல் நிற்கும் மரம்தான், கணக்குப் பார்த்துத்தான் கூலி கொடுக்கிறது.

இரண்டாம் பாதிக்கான விடை எனக்கு இன்னும் பிடித்தது. காய்க்குள் சில பூக்களின் சூலகம் நடுக்குழியை ஒட்டியும், சிலவற்றின் சூலகம் வெளிச்சுவரை ஒட்டியும் இருக்கும். வெளிச்சுவர் ஓரத்தில் வளரும் குஞ்சுகளை வெளியிலிருந்து துளைக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் எளிதில் எட்டிவிடுகின்றன. நடுவில் உள்ளவற்றை எட்டுவது கடினம். ஆஸ்திரேலிய அத்தி ஒன்றில் டெரெக் டன் குழுவினர் 2008-இல் காட்டியது இது. ஆகவே நடுப்பூக்களில் முட்டையிடும் குளவியே பிள்ளைகளோடு தப்புகிறது, ஓரப் பூக்கள் விதைக்கு மிஞ்சுகின்றன. கூட்டாளியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது எதிரி. ஒட்டுண்ணி என்று நாம் வெறுக்கும் அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் இந்த ஒப்பந்தம் எவ்வளவு நாள் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லா அத்தியும் இப்படி நியாயமாக நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஓடைக்கரைகளில் வளரும் பேயத்தியில் இரண்டு வகை மரம் உண்டு. ஒன்றின் காயில் குளவிகள் வளரும். மற்றொன்றின் பூக்களில் சூல்தண்டு நீளம், முட்டைக்குழாய் எட்டாது. அதற்குள் நுழைந்த குளவி மகரந்தத்தைத் தூவிவிட்டு, ஒரு பிள்ளையும் இல்லாமல் சாகும். அங்கே விதை மட்டும்தான். இது மோசடிதான். ஆனால் மாட்டிய குளவிக்குச் சந்ததியே இல்லை. ஏமாற்றத்தை அறிந்து விலகும் குணத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஆளில்லை.

நாம் உலர்த்தி உண்ணும் சீமை அத்தியும் இதே ஏற்பாடுதான். 1880-களில் துருக்கியின் ஸ்மிர்னா அத்தியைக் கலிஃபோர்னியாவில் நட்டார்கள். மரம் செழித்தது, காய்கள் பிஞ்சிலேயே உதிர்ந்தன. காட்டு அத்திக் காய்களைக் கிளையில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்ற மத்தியதரைக்கடல் உழவர்களின் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று பலர் ஒதுக்கினார்கள். அரிஸ்டாட்டில் காலத்திலேயே எழுத்தில் பதிவான வழக்கம் அது. 1899-இல் குளவியைக் கொண்டுவந்து ஃப்ரெஸ்னோ தோட்டத்தில் விட்ட பிறகுதான் பழம் நின்றது. உழவர் சொன்னதை முதலிலேயே காதில் வாங்கியிருந்தால் பல ஆண்டு உழைப்பு மிச்சமாகியிருக்கும். அப்படியானால் கடையில் வாங்கும் அத்திப்பழம் சைவமா என்று கேட்பீர்கள். குளவியே இல்லாமல் பழுக்கும் வகைகள் நிறைய உண்டு. ஸ்மிர்னா வகைக்குள் ஒரு தாய்க்குளவி நுழைந்து இறந்திருக்கும். நம் நாட்டு அத்தியைப் பிட்டால் அத்தனையும் புழு என்கிறோமே, அவற்றில் பெரும்பகுதி புழுவே அல்ல, இவ்வளவு நேரம் நாம் பேசிய குளவிகள்.

கடைசியாக ஒன்று. வெளியே பறந்த பெண் குளவிக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள். அந்த மரத்துக் காய்கள் பெரும்பாலும் ஒன்றாகவே பழுப்பதால் அங்கே அதற்கு இடமில்லை. தன் இனத்தைச் சேர்ந்த, அன்றைக்குப் பூ தயாராக உள்ள வேறொரு மரம் வேண்டும். நமீபியப் பாலைவனத்தில் உகாப் ஆற்றோர அத்திகளை மரபணுவால் சோதித்தபோது, குளவிகள் 160 கிலோமீட்டர் தூரம்வரை மகரந்தம் கொண்டு வந்தது தெரிந்தது. சென்னையிலிருந்து விழுப்புரம் தூரம், காற்றில் மிதந்தபடி. அப்படிப் போகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே மடிகின்றன. ஒரு வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மரம் பூ தயாராக இருந்தால்தான் குளவி வாழும். அதனால்தான் ஆலும் அரசும் அத்தியும் ஊருக்கு ஊர் முறை வைத்துக்கொண்டு காய்க்கின்றன. வேறு பழமே இல்லாத மாதத்திலும் வௌவாலுக்கும் குயிலுக்கும் குரங்குக்கும் எங்கோ ஒரு பழம் இருக்கிறது. ஆனைமலையில் மலை இருவாட்சிப் பெண் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும் மாதங்களில், ஆண் பறவை வாயில் சுமந்து வந்து ஊட்டும் பழங்களில் பெரும்பங்கு அத்தி இனத்துப் பழம்.

சாலை அகலமாகும்போது முதலில் விழுவது ஓரத்து ஆலமரம். பதிலுக்குப் பத்து அழகுச் செடி நட்டோம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். ஒரு மரம் போனால் நிழல் மட்டும் போவதில்லை, குளவி தங்கிப் போகும் ஒரு நிறுத்தம் போகிறது. இடையில் நிறுத்தங்கள் குறைந்துகொண்டே போனால், மீதி மரங்கள் நின்றாலும் விதையில்லாமல் நிற்கும். உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. சுவரில் முளைத்த அரசங்கன்றை அமிலம் ஊற்றிக் கொல்லாமல், வேரோடு எடுத்து ஏரிக்கரையில் வையுங்கள். ஆலும் அத்தியும் போத்து வெட்டி நட்டாலே பிழைக்கும். இந்த மழைக்கு முன்பு ஆளுக்கு ஒரு போத்து நடுங்கள், கல்லூரிக்குப் பின்னால் இடம் இருக்கிறது என்று முதல்வர் சொன்னார்.

இப்போது பையைத் திறக்கலாம். இரண்டு லென்ஸ் கொண்டு வந்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்தவர்கள் முதலில் வாருங்கள்.